பாசி எடைச் சீட்டின் பின்புறம்

சாயல்குடியில் பேருந்து உறுமும்போது
மைப்பேனாவைத் தாளில் வைப்பேன்.
ஏர்வாடி வரும்வரை எடுக்கக் கூடாது.
இது ஒன்றுதான் சட்டம். நானே போட்டது,
இரண்டு தடவை நானே மீறியது.

தாள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
பாசிக் கம்பெனியின் எடைச் சீட்டு.
முன்பக்கம் ஈரப்பாசி எத்தனை கிலோ, காய்ந்தது எத்தனை,
மண் தட்டியதில் கழிவு எவ்வளவு, யார் கணக்கு.
பின்பக்கம் வெள்ளை.
அந்த வெள்ளைக்கு மேலதிகாரி கிடையாது.

ஒரு நாளைக்கு ஒரு சொல்.
திங்களன்று 'உப்பு' என்று தொடங்கினேன்.
உகரத்தின் சுழி முடிவதற்குள்
வாலிநோக்கம் விலக்கில் பிரேக் அடித்தார் ஓட்டுநர்,
ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்காக.
சுழி கிளம்பித் தாளின் ஓரம்வரை ஓடி
என் முழங்காலில் முடிந்தது.
புள்ளிக்காகப் பேனாவை நான் எடுக்கவில்லை,
வேகத்தடை எடுத்து வைத்தது.
அடுத்தடுத்து இரண்டு தடைகள்,
ஆகவே ஒரு மெய்க்கு இரண்டு புள்ளி.
இலக்கணத்தில் இல்லை. சாலையில் இருக்கிறது.

படகில் எனக்கு வேறு கை.
மிதவை எண்ணப் போகும் நாட்களில்
வல்லத்தின் அணியத்தில் குந்தி எழுதுவேன்.
கச்சான் அடித்தால் எழுத்தெல்லாம் ஒருக்களித்துப் படுக்கும்.
வாடையில் 'ழ' நிமிரவே நிமிராது.
கொண்டலில் எழுதிய 'வா'வை எட்டிப் பார்த்து
சுக்கான் பிடித்திருந்த லூர்துராஜ் கேட்டான்,
"அக்கா, பேத்தை மீனா?"
வால் எங்கே காட்டு என்றேன்.
காட்டினான். துணைக்கால்.

மண்டபத்துக்கு முன்னே சோதனைச் சாவடி.
ராத்திரி எட்டரை மணி.
என் பையில் நாற்பத்தோரு சீட்டுகள்,
ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கோடு
எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போகிறது.
தலைமைக் காவலர் பூவலிங்கம் டார்ச் அடித்தார்.
"இது எந்த ரூட்டு?"
"ரூட்டு இல்ல சார். நெத்திலி."
"எது?"
"நெத்திலின்னு எழுதினது. பஸ் ஆடிடுச்சு."

தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
தலைகீழாக அது நிஜமாகவே கரையாக இருந்தது.
நானே ஒரு கணம் நம்பினேன்:
இது குந்துகால் முனை, அந்தப் பிசிறு முசல்தீவு,
இந்தப் புள்ளியில் யாரோ
விளக்கை அணைத்துக் காத்திருக்கிறார்கள்.
பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

"எங்க, எழுதிக் காட்டு."
நின்ற இடத்தில் வராது சார், எதாவது ஓடணும் என்றேன்.
பேருந்துக்குள்ளிருந்து யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
அவர் யோசித்தார். ஜீப்பை முடுக்கச் சொன்னார்.
அதன் முன்மூடியில் சீட்டை விரித்து
என்ன சொல் என்று கேட்டேன்.
"என் பேரை எழுது."

டீசல் நடுக்கம் பேருந்தைப்போலத் தூக்கி எறியாது,
நரம்புக்குள் நுழைந்து முணுமுணுக்கும்.
'பூ'வுக்கு மயிர் முளைத்தது.
வகரம் தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டது.
'லி'யின் மேல்விலங்கு
கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது.
கடைசி மகரம் மூடவே இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூணு நாள் தொடர்ந்து நைட்டு பார்த்தா
ரிஜிஸ்டர்ல நான் போடுற கையெழுத்து இது."
நாற்பத்தோரு சீட்டையும் தந்துவிட்டார்,
அவர் பெயர் இருந்ததை மட்டும்
சட்டைப்பையில் மடித்துக்கொண்டார்.

அதன் முன்பக்கத்தில்
சின்னப்பாலம் ஆரோக்கியமேரியின்
பதினெட்டு கிலோ இருந்தது.

என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று
ஆபீசில் சொல்லிவிட்டுப் பாம்பன் பஸ் ஏறியிருக்கிறேன்.
இன்றைய சொல் இன்னும் முடிவாகவில்லை.
ஓட்டுநர் டீ குடிக்கிறார்.
பேனாவை முன்கூட்டியே வைத்துவிட்டேன்,
ஒரு புள்ளி ஊறி ஊறிப்
பெரிதாகிக்கொண்டிருக்கிறது.